விமானப்படைக்குள் ஒரு தரைப்படை எதற்கு?

வெண்மேகம் (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். என் அக்கா மகன் விமானப்படைக்குப் போகிறான். விமானியாக இல்லை, பொறிநுட்பப் பிரிவிலும் இல்லை. துப்பாக்கியோடு தரையில் நிற்கிற பிரிவுதான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறான். "விமானம் ஓட்டப் போவதில்லை, பழுது பார்க்கப் போவதில்லை, அப்புறம் அது என்ன விமானப்படை? துப்பாக்கிதான் ஆசை என்றால் தரைப்படையிலேயே சேரலாமே" என்று வீட்டில் ஒரே பேச்சு. உண்மையைச் சொன்னால் எனக்கும் அந்தச் சந்தேகம் உண்டு.

வாசலில் நிற்கக் காவலர்கள் போதும். சண்டை என்று வந்தால் காலாட்படை இருக்கிறது. நடுவில் விமானப்படைச் சீருடையில் ஒரு காலாட்படை ஏன்? குறிப்பிட்ட ஒரு நாட்டைப் பற்றிக் கேட்கவில்லை, பொதுவாகத்தான் கேட்கிறேன். விவரம் தெரிந்தவர்கள் பொறுமையாகச் சொன்னால் அவனிடமும் காட்டுவேன்.

ஏடு புரட்டி

உங்கள் கேள்வியை 1941 மே மாதம் கிரீட் தீவில் கேட்டிருந்தால் யாரும் நேராகப் பதில் சொல்லியிருக்க மாட்டார்கள். அந்த மாதம் அங்கே நடந்ததுதான் இன்றைக்கும் இதற்கான பதில்.

மாலெமே என்று ஒரு சின்ன விமானத்தளம். ஜெர்மானியர் வருவதற்கு முந்தின நாள், மே 19 அன்று, அங்கே மிஞ்சியிருந்த பிரிட்டிஷ் போர் விமானங்களை எகிப்துக்கு அனுப்பிவிட்டார்கள். ஆனால் ஓடுபாதையைத் தகர்க்கவில்லை, பின்னால் நமக்கே தேவைப்படும் என்ற எண்ணம். மே 20 காலையில் பாராசூட் வீரர்கள் இறங்கினார்கள். தளத்தையும் அதைப் பார்த்தபடி நிற்கும் 107ஆம் குன்றையும் காக்கும் பொறுப்பு நியூசிலாந்தின் 22ஆம் பட்டாலியனுக்கு. இனிமேல்தான் விஷயம். தளத்துக்குள் விமானப்படையின் தரைப்பணியாளர்களும் கடற்படையின் விமானப் பிரிவினரும் இருந்தார்கள். அவர்கள் பட்டாலியன் தளபதியின் கட்டளைக்குக் கீழ் இல்லை. விமான எதிர்ப்பு பீரங்கிகளுக்கு உத்தரவு வேறு இடத்திலிருந்து. ஒரே புல்வெளியில் இரண்டு மூன்று எஜமானர்கள்.

அன்றிரவு தொடர்பு அறுந்த நிலையில் பட்டாலியன் குன்றை விட்டுப் பின்வாங்கியது. மறுநாள் ஜெர்மானியப் போக்குவரத்து விமானங்கள் அதே ஓடுபாதையில் வரிசையாக இறங்கி மலைப்படை வீரர்களைக் கொட்டின. ஒரு ஓடுபாதையோடு ஒரு தீவே போயிற்று.

அந்தச் செய்தி லண்டனில் பெரும் புயலைக் கிளப்பியது. விமானத்தளத்தில் இருக்கும் ஒவ்வொருவரும் அதைக் காக்கப் போரிட வேண்டும், சீருடை போட்ட பொதுமக்களாக அங்கே யாரும் இருக்கக் கூடாது என்ற கருத்தில் சர்ச்சில் கடுமையாகவே எழுதினார். 1942 பிப்ரவரி 1 அன்று ராயல் விமானப்படைக்கென ஆர்.ஏ.எஃப். ரெஜிமெண்ட் பிறந்தது. போரின் உச்சத்தில் அதில் 80,000 பேருக்கும் மேல் இருந்தார்கள். காவல்காரர் வேலைக்கு யாரும் இத்தனை பேரைச் சேர்ப்பதில்லை.

காலாள்

ஏடு புரட்டி சொன்ன வரலாறு சரி. ஆனால் அதிலிருந்து எடுக்கும் முடிவில் எனக்கு உடன்பாடில்லை. நான் பல வருடம் காலாட்படையில் இருந்தவன். என் பக்கத்தையும் கேளுங்கள்.

அதே போரில் ஜெர்மனி செய்ததைப் பாருங்கள். 1942இல் கிழக்கு முனையில் தரைப்படைக்கு ஆள் பற்றாக்குறை. விமானப்படையில் ஆட்கள் மிகுதி. அவர்களைத் தரைப்படைக்கு மாற்றுங்கள் என்று கேட்டபோது விமானப்படைத் தலைவர் கோரிங் மறுத்தார். "என் ஆட்கள் என்னிடமே இருக்கட்டும்" என்று விமானப்படையின் பெயரிலேயே களப் பிரிவுகளை உருவாக்கினார். இருபதுக்கும் மேற்பட்ட டிவிஷன்கள். நேற்றுவரை விமானத்துக்கு எண்ணெய் போட்டவர்களும் கிடங்குக் கணக்கு பார்த்தவர்களும் போதிய பயிற்சியில்லாத அதிகாரிகளோடு பனியில் சோவியத் டாங்கிகளுக்கு முன்னால் நிறுத்தப்பட்டார்கள். பல பிரிவுகள் சில வாரங்களில் சிதறிப் போயின. 1943 இறுதியில் மிச்சம் மீதியைத் தரைப்படையிடம் ஒப்படைத்தார்கள். அவர்கள் கோழைகள் இல்லை. காலாட்படை வேலை தெரியாமல் அனுப்பப்பட்டவர்கள். ஒரு படையின் கௌரவத்துக்காக அவ்வளவு பேர் செத்தார்கள் என்று படிக்கும்போது இன்றைக்கும் எனக்கு மனம் ஆறவில்லை.

தரையில் சண்டையிடுவது ஒரு தனித் தொழில். பட்டாலியன், பிரிகேட் என்று பெரிய அமைப்புக்குள் வளர்ந்தால்தான் அந்தத் தொழில் தேறும். விமானப்படைக்குள் ஒரு சின்னப் பிரிவு என்றால் நல்ல அதிகாரிக்கு மேலே போக இடம் இருக்காது, கனரக ஆயுதம் கிடைக்காது, பெரிய பயிற்சிக்களம் கிடைக்காது. ஒரு நல்ல காலாட்படை பட்டாலியனைத் தளத்தைச் சுற்றி நிறுத்திவிட்டு, விமானிகள் தங்கள் வேலையைப் பார்க்கட்டும்.

பழைய ஃபிட்டர்

காலாள் ஐயா, உங்கள் படை மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. ஆனால் உங்கள் பட்டாலியனை எங்கள் டிஸ்பர்சலில், அதாவது விமானங்கள் பிரித்து நிறுத்தப்படும் இடத்தில், ஒரு வாரம் விட்டுப் பார்த்திருந்தால் நீங்களே மாற்றிச் சொல்வீர்கள். நான் என்ஜின் ஃபிட்டர். இருபது வருடத்துக்கு மேல் விமானங்களுக்கு அடியிலேயே வாழ்ந்தவன்.

ஒன்று சொல்கிறேன். துப்பாக்கி சுட்டால் காலித் தோட்டா விழும். உங்களுக்கு அது குப்பை. எங்களுக்கு அது ஒரு என்ஜினின் சாவு. ஓடுபாதைக்கோ டாக்ஸி பாதைக்கோ பக்கத்தில் ஒரு பித்தளைக் குப்பி கிடந்து, அதை ஜெட் என்ஜின் உறிஞ்சினால் உள்ளே இருக்கும் தகடுகள் சிதறும். தளத்துக்குள் சண்டை முடிந்ததும் "எதிரி செத்தான், வேலை முடிந்தது" என்று கிளம்ப முடியாது. ஒவ்வொரு அடியும் நடந்து பொறுக்க வேண்டும், வெடிக்காத கையெறி குண்டு கிடக்கிறதா என்று பார்க்க வேண்டும், அப்புறம்தான் விமானம் நகரும். இதை உத்தரவு போட்டுச் செய்ய வைக்கலாம். தானாகவே குனிந்து பொறுக்குகிற பழக்கம் தளத்தில் வளர்ந்தவனுக்குத்தான் வரும்.

இரண்டாவது, சுடும் திசை. குண்டு ஏற்றி நிற்கும் விமானம், எரிபொருள் பௌசர், திரவ ஆக்சிஜன் வண்டி, ஆபத்தில் விமானியை வெளியே வீசும் இருக்கைக்குள் இருக்கும் வெடிமருந்து. இவை எங்கே நிற்கின்றன, எந்த நேரத்தில் எது நிரம்பியிருக்கிறது என்று தெரியாதவன் அங்கே சுட்டால் எதிரி செய்ய வந்த வேலையை நாமே செய்து கொடுத்துவிடுவோம். இருட்டில் ஓடுபாதையைக் கடக்க வேண்டுமானால் டவரிடம் கேட்க வேண்டும் என்பது எங்களுக்கு மூச்சு விடுகிற மாதிரி. வெளியிலிருந்து வந்த வண்டி ஒன்று கேட்காமல் கடந்து, இறங்க வந்த விமானம் மறுபடி மேலேறிப் போனதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். அந்த ஓட்டுநர் நல்ல பையன். அவனுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அன்றைக்கு என் கை நடுங்கியது இன்னும் நினைவிருக்கிறது.

வெண்மேகம்

ஃபிட்டர் ஐயா, இந்தத் தோட்டா விஷயம் எனக்குத் தோன்றியதே இல்லை. ஆனால் ஒன்று. அப்படியென்றால் உங்களைப் போன்ற பணியாளர்களுக்கே துப்பாக்கிப் பயிற்சி கொடுத்தால் போதாதா? தனிப் பிரிவு எதற்கு?

பழைய ஃபிட்டர்

எங்களுக்கும் பயிற்சி உண்டு தம்பி, கார்டு டியூட்டியும் பார்த்திருக்கிறோம். ஆனால் தாக்குதல் வரும் நேரத்தில்தான் எங்களுக்கு விமானத்தில் வேலையும் அதிகம். விமானத்தை மேலே அனுப்ப வேண்டிய நேரத்தில் என்னைப் பதுங்குகுழிக்குள் நிறுத்தினால் ஒரு விமானம் தரையிலேயே நிற்கும். எதிரி ஒரு குண்டும் போடாமல் அதைச் செயலிழக்கச் செய்துவிட்டான் என்றுதான் அர்த்தம். நடுவயதில் வருடத்துக்கு ஒருமுறை சுட்டுப் பழகியவனை நம்பி இரவில் ஊடுருவல்காரனை எதிர்கொள்ள முடியாது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

அலைகரை

இலங்கையிலிருந்து எழுதுகிறேன். 2001 ஜூலை 24 அதிகாலை கட்டுநாயக்கா. அந்த நாளை எங்கள் தீவில் ஆளாளுக்கு ஒவ்வொரு விதமாக நினைவு வைத்திருக்கிறார்கள். அந்தப் பேச்சுக்குள் நான் போகவில்லை, மற்றவர்களும் போக வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். இழையின் கேள்விக்கு வேண்டியதை மட்டும் சொல்கிறேன்.

உள்ளே வந்தவர்கள் 14 பேர். விமானப்படைத் தளமும் பன்னாட்டு விமான நிலையமும் ஒரே இடம். சில மணி நேரத்துக்குள் எட்டு இராணுவ வானூர்திகள் அழிந்தன. பயணிகள் சேவையின் எயர்பஸ் விமானங்களும் எரிந்தன. சேதமடைந்தவற்றையும் சேர்த்தால் இருபதுக்கு மேல். அதற்குப் பிறகு கப்பலுக்கும் விமானத்துக்கும் போர்க்காலக் காப்புறுதிக் கட்டணம் ஏறி, சுற்றுலா விழுந்து, முழு நாட்டின் பொருளாதாரமே ஆட்டம் கண்டது. வானில் அந்த விமானங்களை வீழ்த்த எத்தனை ஏவுகணை, எத்தனை வருடம் தேவைப்பட்டிருக்கும்? தரையில் நிற்கிற விமானத்துக்கு ஒரு கையெறி குண்டு போதும். அதுவும் 2007 ஒக்டோபரில் அநுராதபுரத்தில் மறுபடியும் நடந்தது. அங்கே வந்தவர்கள் 21 பேர்.

இலங்கை விமானப்படைக்கு அப்போதும் தரைப் படைப்பிரிவு இருந்தது. கட்டுநாயக்காவுக்குப் பிறகு அதற்குள்ளேயே சிறப்புப் படை ஒன்றையும் வளர்த்தார்கள். அப்படியிருந்தும் அநுராதபுரம் நடந்தது. ஆகவே பிரிவு ஒன்று இருப்பது மட்டும் போதாது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

காலாள்

அலைகரை சொன்ன கடைசி வரியை நான் பிடித்துக்கொள்கிறேன். ஆப்கானிஸ்தானின் ஹெல்மண்டில் கேம்ப் பாஸ்டியன், 2012 செப்டம்பர் 14 இரவு. அங்கே காவலுக்கு இருந்தவர்களில் ஆர்.ஏ.எஃப். ரெஜிமெண்டும் உண்டு, அதுவும் இந்த வேலைக்கென்றே பிறந்த படை. அமெரிக்க இராணுவச் சீருடை போட்ட 15 தாலிபான்கள் வேலியை வெட்டி உள்ளே வந்தார்கள். அமெரிக்க மரீன் படையின் ஆறு ஹாரியர் விமானங்கள் எரிந்து போயின. படைப்பிரிவின் தளபதி லெப்டினன்ட் கர்னல் ரெய்பிள் கையில் பிஸ்டலோடு ஓடிப்போய் உயிர்விட்டார். இன்னொரு மரீன் வீரரும் இறந்தார். 24 காவல் கோபுரங்களில் அன்றிரவு ஆள் இருந்தது 11இல் மட்டும் என்று பின்னால் விசாரணையில் வந்தது. இரண்டு அமெரிக்க ஜெனரல்கள் ஓய்வில் அனுப்பப்பட்டார்கள். விமானப்படைக்கென்று தனி காலாட்படை இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்பவர்கள் இதற்கு என்ன சொல்கிறீர்கள்?

ஏடு புரட்டி

நல்ல கேள்வி. இதை இரண்டு பக்கமும் பார்க்க வேண்டும். அன்றிரவு உள்ளே வந்தவர்களை விரட்டிப் பிடித்ததில் ரெஜிமெண்டின் 51ஆம் ஸ்குவாட்ரனும் மரீன்களும் சேர்ந்தே இருந்தார்கள். 15 பேரில் 14 பேர் கொல்லப்பட்டார்கள், ஒருவர் பிடிபட்டார். அதாவது பதிலடி வேலை செய்தது. தவறு அதற்கு முன்னாலேயே நடந்துவிட்டது. பாஸ்டியன் பகுதி பிரிட்டிஷ் பொறுப்பு, ஒட்டியிருந்த லெதர்நெக் முகாம் அமெரிக்கப் பொறுப்பு. விமானங்கள் அமெரிக்காவுடையவை, அவை நின்ற இடத்தின் வேலி பிரிட்டனுடையது. இரண்டு துணிகளைச் சேர்த்துத் தைத்த இடத்தில் கிழிந்தது.

நான் முதலில் சொன்ன மாலெமேயை மறுபடி படித்துப் பாருங்கள். அங்கேயும் கிழிந்தது அதே தையலில்தான். எழுபது வருட இடைவெளியில் ஒரே தவறு. ஆகவே சீருடையின் நிறத்தைவிட முக்கியமான கேள்வி ஒன்று இருக்கிறது: ஓடுபாதைக்கும், வேலிக்கும், வேலிக்கு வெளியே உள்ள நிலத்துக்கும் ஒரே ஆள் பொறுப்பா? அந்த ஆள் விமானம் பறப்பதைப் பற்றிக் கவலைப்படுகிறவரா? இரண்டுக்கும் ஆம் என்று பதில் வர எளிய வழி, விமானத்தளத் தளபதியின் கையிலேயே தரைப் படை இருப்பது. காலாள் சொல்வது போல் ஒரு பட்டாலியனைக் கொடுத்தாலும் சரி, அதை அந்தத் தளத் தளபதியிடம் முழுமையாகக் கொடுக்க வேண்டும். நடைமுறையில் என்ன நடக்கும்? போர் சூடுபிடித்ததும் தரைப்படைத் தளபதிக்கு முன்னணியில் ஆள் தேவைப்படும், முதலில் பிடுங்கப்படுவது விமானத்தளத்துப் பட்டாலியனாகத்தான் இருக்கும்.

வேலிக்கு வெளியே ஏன் என்று கேட்பீர்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். 107 மில்லிமீட்டர் ராக்கெட் சுமார் எட்டு கிலோமீட்டர் போகும். எட்டு கிலோமீட்டர் ஆரத்தில் ஒரு வட்டம் போட்டால் 200 சதுர கிலோமீட்டர். அந்த வட்டத்தில் எங்கிருந்து வேண்டுமானாலும் ஒருவன் இரும்புக் குழாயைச் சாய்த்து வைத்துச் சுட்டுவிட்டு ஓடிவிடலாம். தோளில் வைத்துச் சுடும் ஏவுகணை இன்னும் மோசம். இறங்க வரும் விமானம் மூன்று டிகிரி சரிவில் வருகிறது. ஓடுபாதைக்கு ஐந்து கிலோமீட்டர் முன்னால் அது தரையிலிருந்து 260 மீட்டர் உயரத்தில்தான் இருக்கும். 2003 நவம்பரில் பாக்தாத்திலிருந்து கிளம்பிய ஒரு சரக்கு விமானம் ஏவுகணை பட்டு இறக்கை எரிய, கட்டுப்பாட்டு அமைப்பு முழுதும் செயலிழந்து, என்ஜின்களின் விசையை மட்டும் கூட்டிக் குறைத்து இறங்கியது.

அமெரிக்க விமானப்படை வியட்நாமில் இதைக் கற்க வேண்டியிருந்தது. 1964 நவம்பர் 1 இரவு பியென் ஹோவா தளத்தின் மேல் மோர்ட்டார் குண்டுகள் விழுந்து பி-57 குண்டுவீச்சு விமானங்கள் பல நாசமாயின. சுட்டவர்கள் வேலிப் பக்கமே வரவில்லை. 1968 ஜனவரி 31 அதிகாலையில் டான் சொன் நூட் தளத்தை ஆயிரக்கணக்கானோர் தாக்கியபோது 51ஆம் எண் பதுங்குகாப்பில் இருந்த ஐந்து விமானப்படைக் காவலர்களில் நால்வர் உயிர்விட்டார்கள். வாசல் காவலர் என்று நாம் நினைக்கிறவர்கள் அன்றைக்குச் செய்தது முழுக் காலாட்படைச் சண்டை. அப்படியும் 1984இல் அமெரிக்கத் தரைப்படையும் விமானப்படையும் செய்துகொண்ட உடன்பாட்டில், வேலிக்கு வெளியே தரைப்படையின் பொறுப்பு என்றே எழுதினார்கள். இராக்கில் பலாட் தளத்தின் மேல் தினமும் குண்டு விழுந்தபோது, 2005 தொடக்கத்தில் விமானப்படையின் தரைப் பிரிவு ஒன்று இரண்டு மாதம் வேலியைத் தாண்டிப் போய் ரோந்து சுற்றியது. காகிதத்தில் எழுதிய கோடு களத்தில் நிற்கவில்லை.

வெண்மேகம்

ஏடு புரட்டி, நன்றி. பதான்கோட் பற்றி யாராவது சொல்ல முடியுமா? அக்கா மகன் அடிக்கடி அதைத்தான் சொல்கிறான்.

பழைய ஃபிட்டர்

2016 ஜனவரி 2, பஞ்சாபின் பதான்கோட் விமானப்படைத் தளத்துக்குள் ஆயுதமேந்திய பயங்கரவாதிகள் புகுந்த நாள். சுற்றுச்சுவர் மட்டும் சுமார் 24 கிலோமீட்டர் நீளம் என்று அப்போது எல்லாப் பத்திரிகையிலும் வந்தது. அந்த நீளத்தை மனத்தில் வைத்துக்கொண்டு மீதியைப் படியுங்கள். ஐம்பது மீட்டருக்கு ஓர் ஆள் என்று நிறுத்தினாலும் ஒரு ஷிஃப்டுக்கே கிட்டத்தட்ட 500 பேர். எந்தத் தளத்திலும் அத்தனை பேர் இருக்க மாட்டார்கள்.

இந்திய விமானப்படையின் கருட் கமாண்டோ பிரிவு 2004இல் உருவானது. காஷ்மீர்ப் பகுதித் தளங்களைத் தாக்க நடந்த முயற்சிகளுக்குப் பிறகு. ஒரு கருட் வீரர் முழுமையாகத் தயாராக மூன்று வருடம் போல ஆகும். பதான்கோட்டில் கருட் பிரிவின் கார்ப்பரல் குர்சேவக் சிங் முதல் மோதலிலேயே உயிர்விட்டார். பாதுகாப்புப் படைப்பிரிவைச் சேர்ந்தவர்கள், அதாவது ஓய்வுபெற்றபின் காவல் பணிக்கு மறுபடி வந்த பெரியவர்கள், ஐந்து பேர் இறந்தார்கள். அவர்களில் ஜக்தீஷ் சந்த் என்பவர் வெறுங்கையோடு ஒருவனைத் துரத்திப் பிடித்து, அவன் ஆயுதத்தாலேயே அவனைக் கொன்ற பிறகு மற்றவர்களின் தோட்டாவுக்குப் பலியானார். தேசிய பாதுகாப்புப் படையின் லெப்டினன்ட் கர்னல் நிரஞ்சன், பிணத்தில் மறைத்திருந்த வெடிகுண்டால் போனார். ஏழு உயிர். விமானங்கள் நின்ற தொழில்நுட்பப் பகுதிக்குள் மட்டும் எவனும் போகவில்லை, ஒரு விமானமும் போகவில்லை.

அங்கே குழப்பம் இருந்தது, பலவகைப் படைகள் ஒன்றுசேர்ந்து வேலை செய்வதில் சிக்கல் இருந்தது, எல்லாம் உண்மை. ஆனால் குர்சேவக் சிங்கும் ஜக்தீஷ் சந்தும் நின்ற இடத்தை நினைத்தால் "காவல் வேலை" என்று யாராவது இளக்காரமாகச் சொல்லும்போது எனக்குத் தாங்காது. உங்கள் வீட்டில் அதைச் சொல்லுங்கள்.

ஏடு புரட்டி

1965ஐயும் சேர்த்துக்கொள்ளுங்கள். செப்டம்பர் 6ஆம் தேதி இரவு பாகிஸ்தானின் சிறப்புப் படை வீரர்கள் பதான்கோட், ஆதம்பூர், ஹல்வாரா ஆகிய மூன்று இந்தியத் தளங்களையும் நோக்கி பாராசூட்டில் குதித்தார்கள். இருட்டில் சிதறி விழுந்தார்கள், பெரும்பாலானோர் பிடிபட்டார்கள், பிடித்ததில் சுற்றுவட்டார விவசாயிகளுக்கும் பங்கு உண்டு. 1940 முதல் 1992 வரை உலகெங்கும் தளங்கள் மேல் நடந்த தரைத் தாக்குதல்களை அமெரிக்க ஆய்வு ஒன்று எண்ணியது. 645 தாக்குதல்கள், அழிந்தும் சேதமாகியும் போன விமானங்கள் 2,000க்கும் மேல். வட ஆப்பிரிக்கப் பாலைவனத்தில் பிரிட்டிஷ் சிறப்புப் படை ஜீப்பில் வந்து ஒரே இரவில் முப்பதுக்கும் மேற்பட்ட விமானங்களை எரித்ததும் இதில் உண்டு. ஃபாக்லாந்தில் 1982 மே மாதம் பெபிள் தீவில் 11 விமானங்கள் ஒரே இரவில் போயின.

காலாள்

இவ்வளவு படித்த பிறகு நான் ஒன்று ஒத்துக்கொள்கிறேன். தளத்துக்குள் நடமாட விமானம் தெரிந்தவன் வேண்டும். வேலிக்கு வெளியே 200 சதுர கிலோமீட்டர் என்று நீங்களே கணக்குச் சொன்னீர்கள், அதைச் சில நூறு விமானப்படை வீரர்கள் காப்பார்கள் என்பதை இன்னும் நம்பவில்லை. அங்கே காலாட்படை வந்தே தீர வேண்டும். 1945 மார்ச்சில் பர்மாவின் மெய்க்டிலா நினைவிருக்கிறதா? ஒவ்வோர் இரவும் ஜப்பானியர் ஓடுபாதைக்குள்ளேயே ஊடுருவி வந்து குழி பறித்துக்கொண்டார்கள். ஒவ்வொரு காலையும் ஆர்.ஏ.எஃப். ரெஜிமெண்ட் வீரர்கள் அவர்களைத் துடைத்தெடுத்த பிறகுதான் அன்றைய முதல் விமானம் இறங்கியது. ஆனால் அந்த வீரர்களைச் சுற்றி பிரிட்டிஷ் தளபதி ஸ்லிம்மின் ஒரு முழு டிவிஷன் நின்றது என்பதை மறக்கக் கூடாது. அந்த வீரர்கள் தனியாக அங்கே இருந்திருந்தால் இரண்டு நாள் தாங்கியிருக்க மாட்டார்கள்.

ஏடு புரட்டி

முழுக்க ஒத்துக்கொள்கிறேன். கோரிங் செய்த தவறு அந்த அளவை மறந்ததுதான். விமானப்படையின் தரைப் படை விமானத்தளத்தின் அளவுக்கு இருக்க வேண்டும், போர்முனையின் அளவுக்கு வளரக் கூடாது. சீனா போன்ற இடங்களில் பாராசூட் படை முழுவதும் விமானப்படைக்குக் கீழ் இருக்கிறது, இந்தோனேசிய விமானப்படையின் கோபஸ்கட் என்ற பிரிவு 1947இல் கலிமந்தானில் குதித்த நாளைத் தன் பிறந்தநாளாகக் கொண்டாடுகிறது. அவை பிடிக்கப் போகிற படைகள். காக்கிற படையோடு சேர்த்துப் பேசினால் குழம்பிவிடும் என்று தோன்றுகிறது, அதைத் தனி இழையில் பேசலாம்.

கோபுரக் குரல்

இழையைத் தொடக்கத்திலிருந்து படித்துக்கொண்டு வருகிறேன். நான் வான் போக்குவரத்துக் கட்டுப்பாட்டில் வேலை செய்தவன். இரண்டு விஷயம் விடுபட்டிருக்கிறது.

முதலாவது, தரையில் நிற்கிற விமானப்படைக்காரன் காவல் மட்டும் செய்வதில்லை. முன்னணியில் காலாட்படையோடு நடந்து, மேலே இருக்கிற விமானிக்கு இலக்கைச் சொல்பவனும் அவன்தான். ஓடுபாதையே இல்லாத இடத்தில் ஓடுபாதை உண்டாக்குகிறவனும் அவன்தான். 2010 ஜனவரியில் ஹைத்தியில் பூகம்பம் வந்து விமான நிலையக் கோபுரம் செயலிழந்தபோது, அமெரிக்க விமானப்படையின் காம்பாட் கன்ட்ரோலர்கள் ஓடுபாதை ஓரத்தில் ஒரு மடக்கு மேசையைப் போட்டு, கையில் ரேடியோவோடு உட்கார்ந்து, நிவாரண விமானங்களை ஒன்றன்பின் ஒன்றாக இறக்கினார்கள். அதைப் பார்த்தபோது ஒரு கட்டுப்பாட்டாளனாக எனக்குக் கண் கலங்கியது. உணவும் மருந்தும் அந்த மேசை வழியாகத்தான் போயிற்று.

இரண்டாவது, ட்ரோன். இது காலாள் நண்பரின் கேள்விக்கு நேராகப் பதில் என்று நினைக்கிறேன். 2021 ஜூன் 27 அன்று ஜம்மு விமானப்படை நிலையத்தில் ட்ரோனிலிருந்து இரண்டு குண்டுகள் விழுந்தன. 2025 ஜூன் 1 அன்று உக்ரைன் லாரிகளில் மறைத்துக் கொண்டுபோன ட்ரோன்களை ரஷ்யத் தளங்களுக்குப் பக்கத்திலிருந்தே கிளப்பி, நீண்ட தூரக் குண்டுவீச்சு விமானங்களைத் தாக்கியது. அவற்றில் ஒரு தளம், பெலாயா, உக்ரைன் எல்லையிலிருந்து 4,000 கிலோமீட்டருக்கும் அப்பால் சைபீரியாவில். வேலி, கோபுரம், நாய் எதுவும் இதற்கு உதவாது. அலைவரிசையைக் குழப்பும் கருவி வேண்டும், சுட்டு வீழ்த்தும் கருவி வேண்டும்.

இங்கேதான் சிக்கல். அந்தக் குழப்பும் கருவியை இயக்கினால் ட்ரோனின் ஜி.பி.எஸ். மட்டுமா போகும்? ஐந்து கிலோமீட்டரில் இறங்கி வருகிற நம் விமானம் அதே ஜி.பி.எஸ். வழிகாட்டலில் வந்துகொண்டிருக்கலாம். மேலே சுட்ட குண்டு எங்கேயோ விழும். அந்தப் பொத்தானை அழுத்தும் வீரனுக்கு இப்போது வானில் எது இருக்கிறது, எந்த முறையில் இறங்குகிறது, எத்தனை வினாடி காத்திருக்கலாம் என்பது டவரோடு ஒரே மூச்சில் தெரிய வேண்டும். 2018 டிசம்பரில் லண்டன் கேட்விக்கில் ட்ரோன் தெரிந்ததாகச் சொல்லி சுமார் 1,000 விமானச் சேவைகள் குலைந்தபோது ராயல் விமானப்படையின் கருவிகளையும் கொண்டுவந்தார்கள். பக்கத்து முகாமிலிருந்து வந்த பட்டாலியன் தன் ரேடியோவில் தன் தலைமையகத்தைக் கேட்டுவிட்டுப் பொத்தானை அழுத்துகிற கதை இங்கே நடக்காது.

காலாள்

இது புதிது. பொத்தான் விஷயத்தில் உங்கள் பக்கம் வந்துவிட்டேன். தோட்டாவும் துப்பாக்கியும் என்றுதான் நான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

ஒரு சந்தேகம். இப்போது பல விமானப்படைகள் விமானங்களைப் பல சின்னத் தளங்களில் பரப்பி வைப்பதைப் பற்றிப் பேசுகின்றன, ஏவுகணைக்குப் பயந்து. அப்படிப் பத்து இடத்தில் பரப்பினால் காவலுக்குப் பத்து மடங்கு ஆள் வேண்டாமா?

ஏடு புரட்டி

வேண்டும். 1941 டிசம்பர் 7 அதன் மறுபக்கம். ஹவாயில் இருந்த தரைப்படைத் தளபதி ஷார்ட், உள்ளூர் நாசவேலைக்குப் பயந்து, காவலுக்கு வசதியாக விமானங்களை இறக்கையோடு இறக்கை ஒட்டி நிறுத்தினார். காவல் காக்க அதைவிடச் சுலபமான ஏற்பாடு இல்லை. ஜப்பானிய விமானங்கள் வானிலிருந்து வந்தன, அவற்றுக்கும் அதைவிடச் சுலபமான இலக்கு இல்லை. சேர்த்து நிறுத்தினால் வானம் கொல்லும், பரப்பி நிறுத்தினால் தரை கொல்லும். இதற்கு ஆள் எங்கிருந்து வரும் என்று எந்த விமானப்படையும் நேராகப் பதில் சொல்லி நான் படித்ததில்லை. இந்த இழையிலேயே கடினமான கேள்வி இதுதான் என்று நினைக்கிறேன் காலாள்.

வெண்மேகம்

எல்லோருக்கும் நன்றி. அக்காவும் அத்தானும் முழுதும் படித்தார்கள். அத்தான் ஹைத்தி மேசை பற்றிய பகுதியை இரண்டு முறை வாசித்தார். அக்கா பதான்கோட் பகுதியோடு நிறுத்திவிட்டு எழுந்து போய்விட்டாள், அதை நான் புரிந்துகொள்கிறேன்.

பையனுக்கு ஒரே ஒரு கேள்வி, ஃபிட்டர் ஐயாவுக்கு. இரவுக் காவலில் நிற்கப் போகிறவன் முதலில் எதைக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று கேட்கிறான்.

பழைய ஃபிட்டர்

சத்தத்தை. துப்பாக்கியெல்லாம் அவர்கள் நன்றாகவே சொல்லித் தருவார்கள். எந்த என்ஜின் கிளம்பும்போது எப்படி ஊளையிடும், பௌசர் வரும் சத்தம் எது, ஜெனரேட்டர் எந்த நேரம் மாற்றுவார்கள் என்று ஒரு மாதத்துக்குள் காதுக்கு வந்துவிட வேண்டும். அப்போதுதான் அங்கே இருக்கக் கூடாத சத்தம் தனியாகக் கேட்கும்.

அப்புறம் ஆள்காட்டிக் குருவி. ஓடுபாதை ஓரப் புல்லில் அது முட்டையிடும். டவரில் இருக்கிறவர்களுக்கு அது தலைவலி, காவலில் நிற்கிறவனுக்குத் துணை. நடுராத்திரியில் அது எழும்பிக் கத்தினால் எந்தப் பக்கம் கத்தியது, எவ்வளவு நேரம் கத்தியது, கத்திக்கொண்டே இடம் மாறியதா என்று நேரத்தோடு குறித்து வைக்கச் சொல்லுங்கள். நரி என்றால் சட்டென்று அடங்கிவிடும். அடங்காமல் வேலியிலிருந்து உள்பக்கமாக நகர்ந்து வந்தால் உடனே கன்ட்ரோல் ரூமுக்குச் சொல்ல வேண்டும், தப்பாகப் போனாலும் பரவாயில்லை. நான் நின்ற இரவுகளில் அப்படி மூன்று முறை எழுப்பியிருக்கிறேன். மூன்று முறையும் ஒன்றுமில்லை. டியூட்டி ஆபீசர் ஒருமுறைகூட என்னைத் திட்டியதில்லை.